பழைய எம்ஜிபி காடிக்கு பிரேக் குழாய் மாற்றி ஏர் எடுப்பது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் கேமரன் மலை மேல் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தேன். லாத்தா இஸ்கந்தர் அருவிக்கு இரண்டு மூன்று வளைவுகள் இருக்கும்போது பிரேக் மிதி காலுக்கடியில் பஞ்சு மாதிரி ஆனது. மறுபடி மிதித்தேன், தரை வரை போய்விட்டது. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்துப் புல்லில் சக்கரத்தை உரசவிட்டுத்தான் காடியை நிறுத்த முடிந்தது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் ஆறவிட்டதும் மிதி எதுவும் நடக்காதது போலக் கெட்டியாக வந்து நின்றது. எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான்.

ஏன் அப்படி ஆனது, அதை வீட்டு முற்றத்தில் வைத்து எப்படிச் சரி செய்தோம் என்பதை இதற்கு முன் பிரேக்கில் கை வைக்காதவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் காடி 1967-இல் செய்த எம்ஜிபி என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்த வகைக் காடிகள் செய்தார்கள், அதனால் சாமான் இன்றைக்கும் கிடைக்கிறது. மிட்ஜெட், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய இங்கிலாந்துக் காடி வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். அளவுகளை மட்டும் உங்கள் காடியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே பார்த்தால் தெரியாது

பிரேக் எண்ணெயைப் பிழிந்து சுருக்க முடியாது. நீங்கள் மிதிக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போவது அதனால்தான். குழாய்க்குள் ஒரு குமிழி காற்று இருந்தாலும் உங்கள் கால் முதலில் அந்தக் காற்றைத்தான் அமுக்குகிறது. அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். அந்த எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு: அது ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், எண்ணெய் ஊற்றும் டப்பாவின் மூடியில் இருக்கும் சிறு துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 3 இன்னும் கீழே: புதிதில் 205, ஈரம் சேர்ந்தால் 140. மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் முன் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்கு ஏறி, அங்கிருந்து எண்ணெய்க்குப் போகும். எண்ணெயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியை அமுக்க முடியும் என்பதால் மிதி கீழே போகிறது. ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், மிதியும் திரும்பி வந்துவிடும். அருவிக்குப் பக்கத்தில் எனக்கு நடந்தது இதுதான்.

தாப்பா மாதிரி ஊரில், பிற்பகல் மழை பெய்து செம்பனைத் தோட்டத்துப் பக்கமெல்லாம் ஆவி பறக்கும் ஊரில், எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும். மலை ஏறி இறங்கும் பழைய காடிக்கு நான் வருடா வருடம் மாற்றிவிடுகிறேன். அருவிப் பக்கத்தில் அது நடந்ததற்கு முந்தைய வருடம் ஒரு பட்டறையில் 'எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது' என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னார்கள், நானும் நம்பினேன். டப்பாவில் இருப்பதை வைத்துக் கேலிப்பரில் இருப்பதைச் சொல்ல முடியாது.

ஹோஸும் அப்படித்தான். கழற்றிய முன்பக்க ஹோஸ் ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். வெளியே கறுப்பாக, வெடிப்பே இல்லாமல் இருந்தது. உள்ளே ரப்பர் வீங்கி, துளை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓரிடத்தில் உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மிதிக்கிற வேகத்தில் எண்ணெய் அதைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வருவது கஷ்டம். சக்கரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சுற்றும், சூடு கூடும். ஒரு பக்கம் மட்டும் சக்கரம் தொடமுடியாத அளவுக்குச் சுடுகிறதா, காடி ஒரு பக்கம் இழுக்கிறதா, முதலில் ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையது மாதிரி ஆரம்பகால எம்ஜிபிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். எந்த இடத்தில் ஒரு குழாய் துருப்பிடித்து உடைந்தாலும் நான்கு பிரேக்கும் சேர்ந்து போய்விடும். கை பிரேக் மட்டும்தான் மிச்சம். இந்தக் காடிகளில் பாதி வேலை செய்து பாதி விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு ஹோஸ் போயிருந்தால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாயில் ஓரிடத்தில் துரு செதில் செதிலாக உரிந்தால் எல்லாக் குழாயையும் மாற்றுங்கள்.

வாங்க வேண்டியவை

குழாய்க்கு செம்பு-நிக்கல் கலவையில் வரும் 3/16 அங்குலச் சுருள் ஒன்று, 25 அடி. இது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு வாங்காதீர்கள், அதிர்வில் நாளாக நாளாக இறுகி வெடிக்கும். 3/8 யுஎன்எஃப் என்ற அங்குலக் கணக்கு மரை உள்ள நட்டுகள், தேவைக்கு மேல் நாலைந்து. மூன்று ஹோஸ்கள், கேலிப்பர் பக்கத்துக்குப் புதுச் செம்பு வாஷர்கள். டாட் 4 எண்ணெய் அரை லிட்டர் போத்தல் இரண்டு, சீல் உடைக்காதது. போன வருடம் திறந்து மூடிவைத்த போத்தலில் பாதி இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிக்கோன், இதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம்தான்.

ஸ்பேனரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முதல் முறை செய்கிறவர்கள் அதிகமாகக் கெடுப்பது இங்கேதான். இந்தக் காடி அங்குலக் கணக்கில் செய்தது. குழாய் நட்டு பெரும்பாலும் 7/16 அங்குலம், அதாவது 11.11 மில்லிமீட்டர். கையில் இருக்கும் 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் பொருந்துவது போலத் தெரியும், ஒரு திருகில் நட்டின் மூலையெல்லாம் மழுங்கிவிடும். சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனரும் வேண்டாம். குழாயை நுழைப்பதற்கு மட்டும் வாய் பிளந்து, மற்றப் பக்கமெல்லாம் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

குழாய் வெட்டும் சிறு கட்டர், முனை விரிக்கும் ஃபிளேர் கருவி, நிப்பிளில் (ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகு) மாட்ட உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், கண்ணாடிப் போத்தல், பழைய துணி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. நான்கு ஸ்டாண்டுகள். பிறகு ஒரு வாளி தண்ணீர். பிரேக் எண்ணெய் ஒரு சொட்டு பெயின்டில் விழுந்தாலும் தோலுரித்துவிடும். துடைத்தால் பரவும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

தூக்கி நிறுத்துவது

ஜேக்கை மட்டும் நம்பி யாரும் காடிக்கடியில் போகக்கூடாது. எங்கள் முற்றம் செம்மண். மழை பெய்த மறுநாள் அதில் ஸ்டாண்டு வைத்தால் கால்கள் மெல்ல உள்ளே இறங்கும், காலையில் வைத்தது மத்தியானத்தில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே இரண்டங்குலத் தடிமன் பலகை போட்டோம். பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கை பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். தூக்கிய பிறகு காடியை இரண்டு கையாலும் நன்றாக உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பின் சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த கிளிப்பில் நிற்கிறது, சைலன்சர் பைப்புக்கு எவ்வளவு தள்ளி வளைகிறது என்று கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எம்ஜிபியில் இரண்டு டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்று கிளட்சுக்கு. எது எது என்று மிதியிலிருந்து பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன யுக்தி: பிரேக் மிதியை ஓரங்குலம் கீழே அமுக்கி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே ஒரு குச்சியைக் கொடுத்து நிறுத்தினால் மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்துளை மூடிக்கொள்ளும். குழாயைக் கழற்றும்போது டப்பா முழுக்க ஒழுகாது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

ஹோஸைக் கழற்றும் வரிசையைத் தவறவிடாதீர்கள். முதலில் இரும்புக் குழாயின் நட்டு. அதைத் திருகும்போது ஹோஸின் ஆறுமுகத் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அடுத்தது பிராக்கெட்டில் இருக்கும் பூட்டு நட்டு. கடைசியாகத்தான் ஹோஸைக் கேலிப்பரிலிருந்து திருகி எடுப்பது. நட்டு மழுங்கிவிட்டது, அசையவில்லை என்றால், எப்படியும் குழாயை மாற்றத்தானே போகிறோம், நட்டை ஒட்டிக் குழாயை வெட்டிவிடுங்கள். இப்போது ஆறுமுக சாக்கெட்டை நேராக மேலே மாட்டித் திருகலாம். எங்களுக்கு நான்கு நட்டுகள் அப்படித்தான் வந்தன.

திறந்த ஓட்டை எல்லாவற்றையும் உடனே டேப் போட்டு மூடுங்கள். நம் ஊரில் குளவி ஒரு பகல் போதும், குழாய்க்குள் மண் வைத்து அடைத்துவிடும். வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டு டேப் ஒட்டாமல் விட்ட ஒரு குழாயை நான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

குழாய் செய்வது

பழைய குழாயைத் தரையில் விரித்து, துணி காயப்போடும் மெல்லிய கம்பியால் அதன் வளைவுகளைப் பின்தொடர்ந்து நீளம் எடுங்கள். இரண்டங்குலம் கூட வைத்து வெட்டுங்கள். வாள் வேண்டாம், கட்டரைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இறுக்கி வெட்டினால் முனை சதுரமாக வரும். உட்புறப் பிசிறைச் சுரண்டி எடுத்துவிட்டு, முனை கீழே பார்க்கப் பிடித்துத் தட்டுங்கள். ஒரு உலோகத் துகள் உள்ளே போனால் அது நேரே சிலிண்டர் ரப்பரைத்தான் கிழிக்கும்.

முனை விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் போட்டுவிட்டோமா, சரியான பக்கம் பார்க்கிறதா? இரண்டையும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். விரித்த பிறகு நட்டு ஏறாது.

இந்தக் காடிகளில் முனை இரண்டு விதம். ஒன்று குமிழ் மாதிரி வெளியே புடைத்திருக்கும், இன்னொன்று புனல் மாதிரி உள்ளே மடிந்து இரட்டையாக இருக்கும். எந்த நட்டுக்கு எது என்று மனதால் ஊகிக்காதீர்கள். கழற்றிய குழாயின் முனையைக் கழுவிப் பார்த்து அதே மாதிரி செய்யுங்கள். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இறுக்கி இறுக்கி மரை போய்விடும். முதல் ஐந்தாறு முனைகளை வெட்டி விழுந்த துண்டுகளில் பழகுங்கள். முனை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ வெட்டிப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள், அதற்குத்தான் அந்த இரண்டங்குலம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையம் வைத்த இணைப்புகளை பிரேக்கில் போடவே கூடாது. இந்த வேலை உங்களுக்கு வரவில்லை என்றால் அளவெடுத்து முனை விரித்து வரும் தயார்க் குழாய் செட் கிடைக்கிறது. அதை வாங்குவதில் குறைவு ஒன்றுமில்லை.

வளைக்கும்போது ஒரு சாக்கெட்டையோ தடித்த கம்பியையோ சுற்றி வளைத்தால் குழாய் மடியாது. உள்ளே காற்று அடித்து ஊதிவிட்டு மாட்டுங்கள். எல்லா நட்டையும் முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறவில்லையென்றால் கோணலாகப் போகிறது, ஸ்பேனரை எடுக்காதீர்கள். எல்லா கிளிப்பும் மாட்டிய பிறகுதான் கடைசி இறுக்கம்.

புது ஹோஸைக் கழற்றியதற்கு நேர் எதிராக மாட்டுங்கள்: முதலில் கேலிப்பர், புதுச் செம்பு வாஷரோடு. பிறகு பிராக்கெட். கடைசியில் குழாய். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக்கூடாது. ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் ஏற்றிய நிலையிலும் ஹோஸ் எதிலும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள். நான் முதல் முறை மாட்டியது வலது திருப்பத்தில் சக்கரத்தைத் தொட்டது. கழற்றித் திரும்ப மாட்டினேன்.

ஏர் எடுப்பது

இதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பின் டிரம்முக்குப் பின்னால் சதுரத் தலை உள்ள ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அதை வலப்பக்கம் திருகி, சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும் வரை கொஞ்சம் தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் எத்தனை மணி நேரம் ஏர் எடுத்தாலும் மிதி ஆழமாகத்தான் போகும். காற்றே இல்லாத காடியில் காற்றைத் தேடிப் பாதி நாள் வீணாக்கியிருக்கிறேன்.

மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டு அது தரைவரை போகாமல் செய்யுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பாகம் இத்தனை வருடம் ரப்பர் தொடாத இடம், துருவும் அழுக்கும் அங்கேதான் இருக்கும். தரைவரை மிதித்தால் நல்ல ரப்பரும் அங்கே போய்க் கிழியும்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் நாட்டு வலப்பக்க ஸ்டீரிங் காடியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் டியூபை மாட்டி, டியூபின் மறுமுனை போத்தலில் ஊற்றிய எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். ஒருவர் காடிக்குள், ஒருவர் நிப்பிளில்.

நான் நிப்பிளில் படுத்திருந்தேன், மகள் மிதியில்.

“மிதிம்மா.”

நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறேன். டியூபில் பால் மாதிரி நுரைத்த எண்ணெய் வருகிறது.

“கட்டையைத் தொட்டிருச்சுப்பா.”

நிப்பிளை மூடுகிறேன். “இப்ப விடும்மா. மெதுவா.”

இந்த வரிசை மாறக்கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது மிதியை விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரமாகப் படபடவென்று மிதித்தால் பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும், அதை எடுக்க இன்னும் ஒரு மணி நேரம். ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். ஒரே ஒரு தடவை டப்பா காலியாகி மாஸ்டர் சிலிண்டர் காற்றை விழுங்கினால் எல்லாம் முதலிலிருந்து. நாங்கள் மூடிமேல் எண் எழுதிய காகிதம் ஒட்டி, ஐந்து எண்ணியதும் அவளே இறங்கி வந்து ஊற்றினாள்.

புதுக் குழாய் முழுக்கக் காற்று என்பதால் முதல் சக்கரத்துக்கு நிறைய நேரம் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் கேலிப்பரை மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழிகள் விடுபட்டு வரும். நிறம் தெளிந்து, தொடர்ந்து பத்து மிதிக்கு டியூபில் ஒரு குமிழிகூடத் தெரியாமல் வந்தால் அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நான்கும் முடிந்ததும் இன்னொரு சுற்று முழுவதும் செய்யுங்கள். வெளியே வந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றக்கூடாது, கால்வாயிலும் கொட்டக்கூடாது. போத்தலில் மூடி, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் இது பிரேக் எண்ணெய் என்று சொல்லிக் கொடுங்கள்.

மிதி சொல்வதைக் கேட்பது

முடிந்ததும் மிதியை அமுக்கி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் உள்ளுக்குள் விடுகிறது. பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது. முதல் மிதிக்கு ஆழமாகவும் இரண்டாவதுக்கு உயரமாகவும் நின்றால் பின் அட்ஜஸ்டரைத் திரும்பப் பாருங்கள். கொஞ்சம் மட்டும் பஞ்சுத்தன்மை மிச்சம் இருந்தால் அந்தப் பழைய குச்சியையே கொடுத்து மிதியை அமுக்கிய நிலையில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் திரும்ப ஒரு சுற்று ஏர் எடுங்கள். எங்களுக்கு மிதி முழுசாகக் கெட்டியானது அப்படித்தான்.

ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் சுற்றித் துடையுங்கள். பழைய காடிகளில் குழாய்ச் சந்திப்பிலேயே பிரேக் விளக்கின் சுவிட்ச் இருக்கும், அதுவும் கசியும், அதையும் துடையுங்கள். ஒருவர் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச் அடித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் முறை செய்பவராக இருந்தால் இந்த இடத்தில் அனுபவமுள்ள ஃபோர்மன் (மெக்கானிக்) ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். ஒரு பின் நட்டை அவர் கால் சுற்று இறுக்கினார்.

முதல் ஓட்டம் முற்றத்துக்குள்ளேயே, நடக்கிற வேகத்தில், பத்துத் தடவை நிறுத்திப் பார்த்து. பிறகு தோட்டத்துச் செம்மண் பாதையில், ஆள் வராத நேரத்தில், இருபது கிலோமீட்டர் வேகம், நாற்பது. காடி நேராக நிற்கிறதா, எந்தச் சக்கரமாவது சூடேறுகிறதா என்று இறங்கி இறங்கித் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காடிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். காலையில் மகள்தான் முதலில் எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். தாள் நாலு மூலையும் காய்ந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்கு ஏறினோம், இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தோம். அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.